கை நனைக்காமல் உட்கார்ந்த பகல்

1

பாஸ்போர்ட்டில் எனக்கு வயது எழுபத்து நான்கு. உண்மையில் ஒன்றிரண்டு கூடவே இருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் என் உயரத்தைப் பார்த்து ஒரு தேதி போட்டார், அதுவே நிலைத்துவிட்டது. பெற்று வளர்த்தது நான்கு. என் ஓர்ப்படி பிரசவத்தில் கண்மூடியபோது அவள் பெண்ணையும் மடியில் வாங்கிக்கொண்டேன், ஆக ஐந்து. ஐந்து பேருக்கும் நானே முன்னால் நின்று கல்யாணம் முடித்தேன். ஒன்றாவது குறை என்று என் வாசலில் வந்து நின்றதில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

இப்போது நான் இருப்பது மொரீஷியஸ் தீவில். என் மூன்றாவது மகன் இங்கே துணி ஆலையில் சாய மாஸ்டர். வீட்டுக்காரர் போனபிறகு பெரிய காஞ்சிபுரத்து வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு வந்துவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத எனக்கு அரைப்பொழுது வேண்டும். பரவாயில்லை, எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

எழுத உட்கார்ந்த காரணம் ஒரு போன். ஊரிலிருந்து என் தங்கை மகள் பேசினாள்.

“இன்னா பெரிமா, நம்ம யாமினிக்கு அங்கயே ஊரு பேரு தெரியாத எடத்துல முடிச்சிட்டீங்களாமே? தெரு பூரா இதான் பேச்சு.”

“முடிச்சிருந்தா உனக்கு பத்திரிக வந்திருக்காதாடி?”

“அப்ப இல்லியா?”

“இல்லன்னும் நான் சொல்லல.”

தெருவில் ஆளுக்கொரு போன் போட்டுச் சொல்ல என்னால் ஆகாது. எழுதுகிறேன், எல்லோரும் சேர்ந்து ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

யாமினி என் மகனின் மூத்த பெண். இந்த ஊரிலேயே ஒரு பையனை விரும்புகிறாள். பெயர் சிவேன். நம் சிவன்தான், இங்கே அப்படி இழுக்கிறார்கள். அவன் முன்னோர்கள் கரும்பு வெட்டக் கப்பலில் வந்த தமிழர்கள். பையனுக்குத் தமிழ் ஒரு சொல் வராது. கடலோரத்தில் பணக்கார வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஓட்டல் ஒன்றில் சமையல்காரன். மகனும் மருமகளும் பையனைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. “அம்மா சரின்னா எங்களுக்கும் சரி” என்று சொல்லிவிட்டு ஆலைக்குப் போய்விட்டார்கள். ஆக, பந்து என் கையில். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த ஓட்டலிலேயே மதியச் சாப்பாடு என்கிறாள் யாமினி. அங்கே வேலை செய்கிறவர்கள் எப்போதாவது வீட்டாரைக் கூட்டிவந்து சாப்பிட வைக்கலாமாம். பையனின் ஆயாவும் வருகிறாளாம். அந்தப் பாட்டிதான் அவனை வளர்த்தவள்.

நான் இன்னும் எந்த முடிவுக்கும் வரவில்லை. பையன் மேல் குறை இல்லை. ஆனால் எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுக்கு யார் உறவு என்று ஒன்றுமே தெரியாமல் எப்படிப் பெண் கொடுப்பது?

2

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். எல்லோரும் வேலைக்குப் போனபின் வாசலில் ஒரு சின்னக் கோலம். பக்கத்து வீட்டு நாய் அதன்மேல் நடந்து போகும். பிறகு காய்கறிக் கடை. வந்த புதிதில் அந்தக் கடைக்காரி எடைக்கல்லைக் காலில் போட்டுக்கொண்டு “அயோ!” என்றாள். ஆகா, நம் ஆள் கிடைத்துவிட்டாள் என்று கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஏகாம்பரநாதர் கோயில் கல்யாண உற்சவத்தில் தொடங்கி என் மூட்டுவலி வரைக்கும் சொல்லி முடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அந்த ஒன்றுதான் என்று யாமினி வந்து சொன்னபிறகே தெரிந்தது. அதற்காக நான் பேச்சை நிறுத்தவில்லை. இப்போதும் சொல்கிறேன், அவளும் கேட்கிறாள்.

தங்கும் அனுமதி முடியும்போதெல்லாம் ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். “இவர் உங்கள் மகன்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று அங்கே ஒரு பெண் கேட்டாள். மகனின் தாடையைப் பிடித்து என் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, “மூக்க பாரும்மா” என்றேன். அவள் மூக்கையும் பார்த்தாள், காகிதத்தையும் கேட்டாள். அதற்காக ஊருக்கு ஆள்மேல் ஆள் அனுப்பி அலைந்ததைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

யாமினி இங்கே வரும்போது முன்பல் விழுந்த குழந்தை. இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை. என்னிடம் நம் ஊர்ப் பேச்சுதான். ஆனால் போனில் சிரிக்கும்போது இந்த ஊர்க் கிரியோல் பாஷையில் சிரிக்கிறாள். சிரிப்புக்கு ஏது பாஷை என்று கேட்காதீர்கள். பக்கத்து அறையிலிருந்து கேட்டால் வேறு யாரோ ஒரு பெண் என் வீட்டுக்கு வந்திருப்பதுபோல இருக்கும். அவள் சிரிப்பது நின்றபிறகு உள்ளே போவேன்.

3

நாளைக்கு ஞாயிறு. ஒரு விஷயத்தை இன்றே எழுதி வைக்கிறேன்.

சம்பந்தம் பேசுகிற இடத்தில், மனம் ஒப்பிச் சரி என்று ஆகும்வரை நாம் கை நனைப்பதில்லை. உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சோறு மட்டுமல்ல, பலகாரம், மோர், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. அவர்கள் உபசாரத்துக்கு எடுத்து வைப்பார்கள், நாம் தொடமாட்டோம். தொட்டுவிட்டால் சம்மதம். சாப்பிட்டுவிட்டுப் பின்வாங்கினால் அந்தப் பெண்ணையே அவமானப்படுத்தியதாகும். இதை யாரும் வாயால் சொல்வதும் இல்லை. “நான் இன்னும் ஒத்துக்கல, அதனால சாப்பிடல” என்று யாராவது சொல்வார்களா? பசியில்லை என்போம். அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

என் அண்ணனுக்குப் பெண் பார்க்க வாலாஜாபாத் போயிருந்தோம். பெண்ணின் சித்தப்பா பேசிய பேச்சு எங்கள் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. எழுந்துகொள்ளலாம் என்று எங்களுக்குக் கண்ணைக் காட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினால், அண்ணன் வாயில் வடை. விடியற்காலையில் கஞ்சி குடித்துவிட்டு வந்தவன், பசி தாங்கவில்லை. அப்பா அப்படியே மறுபடி உட்கார்ந்தார்.

“இன்னாடா, எப்பிடி இருக்குது?”

“நல்லா இருக்குதுபா.”

“அப்ப நாள பாத்துடலாம்” என்றார், பெண்ணின் அப்பாவிடம்.

அண்ணி கடைசிவரை சொல்லிச் சிரிப்பாள். “உங்க அண்ணனுக்கா நான் வாக்கப்பட்டேன்? வடைக்கு வாக்கப்பட்டவடி நான்.” நன்றாகத்தான் வாழ்ந்தார்கள்.

ஆகவே நாளைக்கு அந்த ஓட்டலில் நான் கை நனைக்கப்போவதில்லை. யாமினியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால், ஆயா இன்னும் மறுக்கிறாள் என்று இன்றைக்கே அழுவாள்.

4

போய் வந்தாயிற்று. கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாமினியும் நானும் மட்டும் இரண்டு பஸ் மாறிப் போனோம். இறங்கிய இடத்திலிருந்து ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் ஓட்டலின் மதில். மதில் முடிவேனா என்கிறது. வாசலில் காவலாளி எங்கள் முதுகுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தான். கார் வரும் என்று தேடுகிறான். அந்த வாசலுக்கு யாரும் நடந்து வந்ததில்லை போலிருக்கிறது. பிறகு என் பையைத் திறக்கச் சொன்னான். புளியோதரை டப்பா இருந்தது. வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாதாம்.

“ஆயா! ஓட்டலுக்கு சாப்புட வரோம், சோறு கட்டிக்கினு வந்திருக்கியே!” என்று யாமினி தலையில் அடித்துக்கொண்டாள்.

“வழியில பசிச்சா?”

டப்பாவைக் காவலாளியிடமே கொடுத்துவிட்டேன். அதற்குள் சிவேன் பேட்டரி வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். இறங்கி, கைகூப்பி, “வணக்கம் ஆயா” என்றான். பல தடவை சொல்லிப் பழகியிருக்கிறான், தெரிந்தது. காதுமடல் சிவந்திருந்தது.

உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் தட்டில் சுருட்டி வைத்த ஈரத்துண்டுகளை நீட்டினாள். கை துடைக்கவாம். நல்ல வாசனை. அது கணக்கில் சேராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வம்பு எதற்கு? தொடவில்லை. பிறகு சின்னக் காகிதக் குடை செருகிய ஒரு பழச்சாறு. அதையும் தொடவில்லை.

சிவேனின் ஆயா மேஜையில் எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தாள். கணுக்கால்வரை கவுன், நெற்றியில் விபூதி. என்னைவிட நான்கைந்து வயது மூப்பு. கரும்பு வெட்டிய கை, விரல்கள் கணுக்கணுவாக இருந்தன. அவளும் பஸ்ஸில்தான் வந்தாளாம், வேறு வழியாக. எழுந்து கைகூப்பினாள், நானும் கூப்பினேன். அதோடு எங்கள் பேச்சு முடிந்தது.

கூடத்தில் சாப்பாடு வரிசையாகப் பரப்பிக் கிடந்தது. பனிக்கட்டியில் செதுக்கிய மீன் ஒன்று உருகிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் நீச்சல் உடையோடு தட்டேந்தி நடந்தார்கள். ஈரம் சொட்டச் சொட்ட பந்திக்கு வருகிறார்களே என்று பார்த்தேன். பார்க்காததுபோல இருந்தேன். சிவேனின் கூட்டாளிகள்தான் அன்று பரிமாறினார்கள். சட்டையும் தொப்பியுமாக வந்து அவனுக்கு வேண்டுமென்றே இடுப்புவரை குனிந்து வணக்கம் வைத்தார்கள். அவன் மேஜைக்கு அடியில் அவர்களை உதைத்தான்.

நான் விசாரணையைத் தொடங்கினேன். யாமினிதான் நடுவில்.

“பூர்வீகம் எந்த ஊருன்னு கேளு.”

அந்தம்மா என்னவோ நீளமாகச் சொன்னாள்.

“தெரியாதாம் ஆயா. கப்பல்ல வந்தாங்களாம், அவ்ளோதான் தெரியுமாம்.”

“அவ்ளோ நேரம் பேசினாங்களே?”

“கப்பல பத்தி பேசினாங்க.”

“குலசாமி?”

“முருகன் கோயிலுக்கு காவடி எடுப்பாங்களாம்.”

“முருகன் எல்லாருக்கும்தான் சாமி. நான் கேக்கறது வேற.”

“ஆயா, எல்லாத்தையும் இங்க வெச்சே கேக்கணுமா? மொதல்ல சாப்புடு.”

“எனக்கு பசியில்லமா.”

“பஸ்ஸுல பசிக்குதுன்னியே!”

“அது அப்போ.”

சிவேன் எழுந்து போய் ஒரு தட்டு கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் குழம்பு. வாழையிலையை வட்டமாக நறுக்கித் தட்டில் போட்டிருந்தான். காலையில் இருட்டோடு வந்து அவனே சமைத்ததாம். “உனக்காக ஆயா” என்றாள் யாமினி. நான் தட்டைப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்று தலையாட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் இன்னொரு தட்டு கொண்டுவந்தான், அப்பம் மாதிரி ஏதோ. இன்னொன்று, பழம். மேஜை நிறைந்தது. கூட்டாளிகள் இப்போது குனிந்து வணக்கம் வைக்கவில்லை. தூரத்தில் நின்று பார்த்தார்கள். தான் வேலை செய்கிற இடத்தில், தன் ஆட்கள் முன்னால், தான் சமைத்ததை ஒரு கிழவி தொடாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு பையனுக்கு எப்படி இருக்கும்? எனக்குத் தெரியாமல் இல்லை. ஐந்து வளர்த்தவள் நான். அவன் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல் கடலைப் பார்த்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். அந்தம்மாவும் சாப்பிடவில்லை.

5

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன இந்தப் பொம்பளைக்கு இவ்வளவு கர்வம்? நான் பெண்வீட்டுக்காரி, யோசிக்கிறேன். இவளுக்கு என்ன? எங்களைப் பார்த்து முகம் சுளிக்கிறாளா? என் பேத்தியின் நிறம் பிடிக்கவில்லையா? சிவேன் அவளிடமும் கெஞ்சினான். அவள் தலையை ஆட்டினாள். ஒரு வாய் தண்ணீரும் குடிக்கவில்லை.

“ரெண்டு பேரும் சொல்லி வெச்சுக்கினு வந்தீங்களா?” என்றாள் யாமினி. சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. சட்டென்று எழுந்து போனாள். சிவேன் பின்னாலேயே போனான். தூண் மறைவில் அவள் கண்ணைத் துடைப்பதும், அவன் கையைப் பிசைவதும் தெரிந்தது.

மேஜையில் நாங்கள் இரண்டு பேர், நடுவில் இத்தனை தட்டுகள்.

எனக்குத் தெரிந்த கிரியோல் நாலைந்து சொல். அதில் ஒன்று சாப்பிடு என்பது, பக்கத்து வீட்டுக்காரி நாளெல்லாம் பிள்ளையிடம் கத்துவாள். தட்டைக் காட்டி, “மான்ஜே” என்றேன், கொஞ்சம் கடுப்பாகத்தான்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். வலது கையை மேஜைக்கு மேலே எடுத்து, விரல்களை விரித்துக் காட்டினாள். ஐந்து விரல் நுனியையும் ஒன்றோடொன்று தேய்த்தாள். காய்ந்த கை. பிறகு என்னைக் காட்டினாள். தூண் பக்கம் நின்ற யாமினியைக் காட்டினாள். தலையை மெல்ல அசைத்து, கையைத் திரும்ப மடியில் வைத்து மூடிக்கொண்டாள்.

எனக்குப் புரிந்தது. 

அவளும் பெண் பார்க்க வந்தவள். பெண்ணின் பெரியவள் வாயைத் திறக்காதவரை அவள் எப்படிக் கை நனைப்பாள்? நாளைக்கு நான் முடியாது என்றால், பையன் வீட்டார் சாப்பிட்டுவிட்டுப் போய் வேண்டாம் என்றார்கள் என்கிற பேச்சு என் யாமினிக்கு வரக்கூடாது. அதற்காக அந்த வயதில், அந்தப் பசியில், பேரன் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? அவள் மாமியார். அவளுக்கு அவள் மாமியார். அப்படியே போனால் கப்பல் ஏறிய ஒருத்தி. ஊர்ப் பெயரை அவர்கள் கடலில் தொலைத்திருக்கலாம், பாஷையைக் கரும்புக் காட்டில் தொலைத்திருக்கலாம். பிறத்தியார் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்பதை இன்றுவரை தொலைக்கவில்லை.

நான் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கும் இன்னும் பதில் இல்லை. எந்த ஊர் என்று தெரியாது. குலசாமி தெரியாது. தெருவில் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்லப்போகிறேன்: தெரியாது. ஆனால் என் பேத்தியை எந்த மாதிரி வீட்டில் விடப்போகிறேன் என்பது தெரிந்துவிட்டது.

எழுந்தேன். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் இருந்தது. மேஜையைச் சுற்றிப் போய் அந்தம்மாவின் வலது கையை எடுத்து, ஒரு காலித் தட்டுக்கு மேலே நீட்டிப் பிடித்து, தண்ணீரை ஊற்றினேன். பாதி தட்டில் விழுந்தது, பாதி வெள்ளைவெளேர் என்ற அந்த மேஜைத் துணியில். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் தம்ளரை எடுத்தாள். நான் கையை நீட்டினேன், அவள் ஊற்றினாள். என் முந்தானையெல்லாம் தண்ணீர்.

பரிமாறுகிறவன் துணியோடு ஓடிவந்தான். யாமினி அவனுக்கு முன்னால் ஓடிவந்தாள்.

“ஆயா! இன்னா பண்ற? எல்லாரும் பாக்கறாங்க!”

“பாக்கட்டும். உக்காரு, சாப்புடு.”

“கை கழுவ அங்க எடம் இருக்குது ஆயா! கேட்டா நான் இட்டுக்கினு போயிருக்க மாட்டேனா?”

அவள் எல்லோரிடமும் கிரியோலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் அந்தம்மாவும் சோற்றைப் பிசைந்தோம். ஸ்பூனைத் தொடவில்லை. பூசணிக்காய்க் குழம்பில் உப்பு கொஞ்சம் கம்மி. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்தம்மா எதையோ சொன்னாள், நான் எதையோ சொன்னேன். எங்களுக்கு யாமினி தேவைப்படவில்லை.

வெளியே வரும்போது காவலாளி புளியோதரை டப்பாவைத் திருப்பித் தந்தான். பாதி காலி. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

6

பஸ்ஸில் யாமினி கரும்பெல்லாம் தாண்டியபிறகு கேட்டாள்.

“ஆயா, அவன உனக்கு பிடிச்சிருக்குதா, இல்லியா? ஒரே ஒரு வார்த்த சொல்லு.”

“அதான் சாப்புட்டேனேம்மா.”

“சாப்புட்டது இருக்கட்டும் ஆயா. நான் இன்னா கேக்கறேன், நீ இன்னா சொல்ற!”

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. எனக்கும் ரோஷம். என் அப்பா சொன்னால் ஒரு தடவைதான், என் மாமனார் சொன்னால் ஒரு தடவைதான். சாப்பிட்டு முடித்தபிறகு வாயாலும் ஒருமுறை சொல் என்றால் அது என்ன பேச்சு என்று நானும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கும் இடம்வரை அப்படியே வந்தோம்.

வீட்டில் மகன் யாமினியிடம் கேட்டான், “ஆயா இன்னா சொன்னாங்க?” “ஒண்ணும் சொல்லல” என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. மகனும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டான். இவள் போனை அணைத்துப் போட்டுவிட்டுப் படுத்தாள். இன்றைக்கு மருந்துக்கடைக்கும் போகவில்லை. அறைக்கதவு சாத்தியிருக்கிறது.

காலையிலிருந்து இதை எழுதிக்கொண்டே யோசித்தேன். கோபப்பட எனக்கு நியாயம் இல்லை. பல் விழுந்த வயதில் கடல் தாண்டிக் கூட்டிவந்துவிட்டோம். எந்தக் கல்யாணப் பேச்சில் அவள் உட்கார்ந்து பார்த்தாள்? எந்த வீட்டில் யார் பசியோடு எழுந்து வந்ததை அவள் கண்டாள்? சொல்லாததை அவள் எப்படித் தெரிந்துகொள்வாள்? ஆனால் இத்தனை வருஷம் சொல்லிப் பழகாத வாய்க்கு இப்போது திடீரென்று வரமாட்டேன் என்கிறது. எழுத்தில் வருகிறது.

அந்தம்மா நேற்றே பேரனிடம் சொல்லியிருப்பாள். மகன் போனுக்கு அவர்கள் வீட்டிலிருந்து எந்த நேரமும் தகவல் வரும். அதற்கு முன்னால் இவளுக்குத் தெரிய வேண்டும், என்னிடமிருந்து தெரிய வேண்டும். தெருக்காரர்கள் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

கதவைத் தட்டப் போகிறேன். தமிழ் படிக்க அவளுக்கு நேரமாகும், என்னைப் போலவே எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பரவாயில்லை.

யாமினி, கதவத் தொறம்மா. ஆயா ரெண்டு மூணு நாளா எழுதினது இது. எனக்கு கண்ணு மங்குது, எழுத்து சரியா வந்திருக்குதான்னு தெரியல. இப்பிடி என் பக்கத்துல உக்காந்து, மொதல்ல இருந்து சத்தமா படி. நடுவுல நிறுத்தாத.